ரப்பர் பாலும் ரொபர்ட் அண்ணனின் டைம்டேபிளும்

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் பால் என்றால் முதலில் ரப்பர் பால்தான். பதினாறு வருடமாக மரப்பட்டையை வெட்டி அதை எடுக்கிறவர் ரொபர்ட் அண்ணன். எந்த மரம் எப்போது எவ்வளவு கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மனைவி அனிற்றா அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும், தாய்ப்பாலைப் பற்றியும் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

தினமும் வெட்டினால் மரம் வற்றிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்ட வேண்டும். பிள்ளையை ஒருநாள் பட்டினி போட முடியாதே. அதனால் தாராள மனதோடு நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று முடிவு செய்தார். இடையில் பிள்ளை தூங்க வேண்டும். டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினார். பிள்ளைதான் அதை வாசிக்கவில்லை. ஓயாமல் அழுதது, தூங்கவும் இல்லை.

இரண்டாவது கிழமை மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறந்த அன்று இருந்த நிறைகூட இல்லை. கேட்கும்போதெல்லாம் கொடுக்கச் சொன்னார். அடுத்த கிழமையும் நிறை ஏறாவிட்டால் கேகாலை ஆஸ்பத்திரிதான் என்றார். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அண்ணனோ, மிஸ்ஸி மரம் வெட்டினவர் இல்லையே, பால் ஊற நேரம் போதவில்லை என்று சொல்லி, இடைவெளியை ஐந்து மணித்தியாலமாக்கினார்.

"சரிங்க," என்றார் அக்கா.

அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில் அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விடியுமுன் அவர் மலைக்குப் போனால், பாலை ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பப் பகல் ஒரு மணியாகும். அதுவரை பிள்ளை உதட்டைச் சப்பினாலே அக்கா மடியில் போட்டுக்கொண்டார். பின்னேரங்களில் பிள்ளையோடு கோழி தேடிப் போனார். அவர்களிடம் இருந்தது ஒரே கோழி. அது ஒரு நாளைக்கு நாலு தடவை காணாமல் போனது. இரவில் அண்ணன் குறட்டை விட்டதும் டைம்டேபிளும் தூங்கிவிடும்.

அண்ணன் வரும்போது பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும். சுவரிலும் 'தூக்கம்' என்றே எழுதியிருக்கும். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினார்.

அடுத்த கிளினிக்கில் நிறை முந்நூறு கிராம் ஏறியிருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் அங்கிருந்த தாய்மாருக்கு மரம், வெட்டு, இடைவெளி என்று விளக்க ஆரம்பித்தார். மிஸ்ஸி அவரை நிறுத்தி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"அஞ்சு," என்றார் அண்ணன்.

"பன்னெண்டு மிஸ்ஸி," என்றார் அக்கா. "சில நாளைக்குப் பதிமூணு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் போட்ட டைம்டேபிள்?"

"அது உங்களுக்குங்க. புள்ளைக்கு இல்ல."

தாய்மார் சிரித்தார்கள். மிஸ்ஸி பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் ஏசினார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் வாயே திறக்கமாட்டார் என்று அக்கா நினைத்தார். வழியில் ஒரு கர்ப்பிணி ஏறினார். அண்ணன் எழுந்து இடம் கொடுத்தார். பிறகு குனிந்து, பிள்ளை கேட்கிற நேரமெல்லாம் பால் கொடுக்க வேண்டும், மணி பார்த்துக் கொடுக்கும்படி வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்கக்கூடாது என்று அவருக்குப் புத்தி சொன்னார்.

"ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் வெளங்காதும்மா," என்றார்.