சாம்பிராணிக் கரியும் வெண்டைச் செடியும்

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பொதுத் தோட்டத்தில் வெண்டை போட்டிருந்தேன். உரத்தோடு கரித்தூள் சேர்த்தால் விளைச்சல் கூடும் என்று தோட்டக்கலை வகுப்பில் சொன்னார்கள். கரி என்றால் கரிதானே? தேக்கா சந்தையில் சாம்பிராணிக் கரி வாங்கி, இடித்து, உரத்தோடு கலந்து போட்டேன். இரண்டே வாரத்தில் இலையெல்லாம் மஞ்சள்.

பக்கத்துப் பாத்திக்காரர் பார்த்துவிட்டு, "முதல்ல உரத்தண்ணியில ஊற வெச்சீங்களா? காஞ்ச கரி உரத்தையெல்லாம் இழுத்துக்கும் லா" என்றார். வகுப்பில் இதைச் சொன்னார்களா, நான்தான் கேட்கவில்லையா, ஒன்றும் புரியவில்லை.

எரிச்சலோடு மேலே வந்தால், வாசல் தொட்டியில் மனைவியின் கறிவேப்பிலை மட்டும் கொழுத்து நிற்கிறது.

"நீ என்ன உரம் போடுற?"

"உரமா? சாம்பிராணி போட்டு மிஞ்சின கரியை அரிசி கழுவின தண்ணியில போட்டு வெச்சு, மறுநாள் தொட்டியில கொட்டுவேன்."

"எதுக்கு ஊற வைக்கிற?"

"நெருப்பு அணைய வேணாமா?"