சீனியம்மா முன்வாசலால் வந்த ஞாயிறு

"நீங்க சிங்களத்துல படிச்ச புள்ளயா, தமிழ்ல படிச்ச புள்ளயா?" என்றுதான் சீனியம்மா முதன்முதலில் கேட்டார்.

"ரெண்டுலயும்," என்றாள் நிஹ்லா.

"அப்ப ரெண்டுலயும் பேசாம இருக்கப் பழகியிருக்கீங்க."

கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் பாராளுமன்ற உறுப்பினர் எவ்லினின் அலுவலகம் இருந்தது. சட்டமூல வரைவுகளை இரு மொழியிலும் எழுதித் தருவது நிஹ்லாவின் வேலை. சீனியம்மா வீட்டுவேலைப் பெண்களின் சங்கத்தை நடத்துகிறவர். அவர்களுக்காக எழுதிய வரைவை அவருக்கு வாசித்துக் காட்டத்தான் அன்று கூப்பிட்டிருந்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள்.

"வீட்டுப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு வழங்கப்படுதல் வேண்டும்."

"அந்த முழுநாளும் அந்தப் புள்ள எங்க இருக்கும்?"

"அது சட்டத்துல சொல்லல்ல அக்கா. அவங்கட விருப்பம்."

"தங்கி வேல செய்ற புள்ளைக்கு விருப்பம் ஏது? அதே வீட்லதான் இருக்கும், குசினிக்குப் பக்கத்து ரூம்புல. அடுப்புக்குப் பக்கத்துல இருந்தா அடுப்பு கூப்பிடும் மிஸ். ஒரு பிளேன்டீ தானே, ஒரு முட்ட தானேன்னு கூப்பிடும். ராத்திரி பாத்தா ஓய்வுநாளு முடிஞ்சிருக்கும்."

"அப்ப என்ன எழுதணும்?"

"வாசலத் தாண்டிப் போகலாம்னு எழுதுங்க. கேட்டுட்டு இல்ல. சொல்லிட்டு."

நிஹ்லா கொஞ்சம் யோசித்து எழுதினாள்: ‘அந்நாளில், அனுமதி கோராமல், அறிவித்துவிட்டு வெளியே செல்லும் உரிமை பணியாளருக்கு உண்டு.’ சீனியம்மா அதை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இது போதும். மத்தத வெட்டினாலும் இத வெட்டிறாதீங்க."

சீனியம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பாவாடை சட்டையோடு கொழும்புக்குக் கொண்டுவந்து ஹெவ்லொக் டவுன் வீடொன்றில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு கோப்பை இருந்தது. மற்றக் கோப்பைகளைப் போலத்தான் அதுவும். பிடியில் ஒரு கறுப்பு நூல் கட்டி, கழுவுதொட்டிக்குக் கீழே வைத்திருப்பார்கள். பல வருஷம் அதில் குடித்தார். வேலையை விட்ட அன்று சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை. நூலை அவிழ்த்தார், கோப்பையைக் கழுவித் துடைத்தார், அலுமாரியில் வீட்டுக் கோப்பைகளோடு சேர்த்து அடுக்கிவிட்டு வந்துவிட்டார். எது எதுவென்று தெரியாமல் அந்த வீட்டம்மா முழு செட்டையும் மாற்றினாராம். இந்தக் கதையைச் சீனியம்மா சொல்லும்போதெல்லாம் சங்கத்துப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இப்போது அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வெள்ளவத்தையில் மூன்று தொடர்மாடி வீடுகளில் வேலை செய்கிறார். கணவர் அழகுமுத்து ஒருகொடவத்தைக் கொள்கலன் யாட்டில் சுமை இறக்குகிறவர். "எங்க யாட்டுல கிரேன் தூக்காததையும் இவ வாய் தூக்கிரும்," என்பது அவர் பெண்சாதியைப் பற்றிச் சொல்லும் ஒரே முறைப்பாடு. அதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வார். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால், கடற்கரைக் கற்களில் உட்கார்ந்து கதைக்கத் தொடங்கிய பெண்கள்தான் பிறகு சங்கமானார்கள். வந்துபோய் வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். வீடுகளில் தங்கி வேலை செய்கிற பெண்பிள்ளைகள், மேலே யன்னலில் துணி காயப்போடும்போது கையை மட்டும் ஆட்டினார்கள். அந்த ஒரு வசனத்துக்காகச் சீனியம்மா அவ்வளவு பிடிவாதம் பிடித்தது அந்தக் கைகளுக்காகத்தான்.

ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்னால் தன் முன்னுரிமைகளை அச்சடித்துத் தொகுதி முழுக்கக் கொடுப்பது எவ்லினின் வழக்கம். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞர், சொன்னதைச் செய்கிறவர் என்று பெயர் எடுத்தவர். இம்முறை மூன்று தனி உறுப்பினர் சட்டமூலங்கள் இருந்தன: மருந்து உறைகளில் தமிழும் எழுதப்பட வேண்டும் என்பது ஒன்று, தோட்டம் என்று சொல்லப்படும் கொழும்பு நெருக்கடிக் குடியிருப்புகளுக்குக் காணி உரித்து கேட்பது இன்னொன்று, மூன்றாவது வீட்டுப் பணியாளர் சட்டமூலம். எதை முதலில் போடுவது, எந்த வசனத்தோடு போடுவது என்று முடிவுசெய்ய, சங்கத்தில் நாலு பேரை வெள்ளவத்தையில் தன் தொடர்மாடி வீட்டுக்கு வரச் சொன்னார். அவர்களுக்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமை.

நிஹ்லா முதலே போய் ஹோலில் இருந்தாள். மேசையில் பற்றிஸும் கேக்கும் இருந்தன. சொன்ன நேரம் தாண்டியது. சீனியம்மா போனை எடுக்கவில்லை.

"பாத்தீங்களோ நிஹ்லா," என்றார் எவ்லின். "நாங்கள் இவ்வளவு பாடுபடுறம். அவையளுக்கு ஒரு நேரகாலம் இல்லை."

அப்போது குசினிப் பக்கம் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. நிஹ்லா எழுந்து போய்ப் பார்த்தாள்.

நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். சங்கக் கூட்டத்துக்கென்று கட்டிய நல்ல சாரிகளோடு, ஒருத்தி கவிழ்த்த வாளியிலும் மற்றவர்கள் நிலத்திலுமாக, எவ்லின் வீட்டில் தங்கி வேலை செய்யும் துஷ்யந்தியைச் சுற்றி உட்கார்ந்து உள்ளிப்பூடு உரித்துக்கொண்டிருந்தார்கள். நேரத்துக்கே வந்திருக்கிறார்கள். வேலையாட்களின் லிப்டில் ஏறி, பின்கதவைத் தட்டி, துஷ்யந்தி திறந்ததும் வந்து உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள். அப்படி வரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

"அக்கா, இங்க என்ன செய்றீங்க? மேடம் ஹோல்ல உங்களப் பாத்துட்டு இரிக்கிறாங்க."

சிரிப்பு நின்றது. சீனியம்மா தன் கையிலிருந்த உள்ளியைப் பார்த்தார்.

"கேட்டீங்களாடி," என்றார் மற்றவர்களிடம். "நம்ம காலு நம்மளக் கேக்காமலே இங்க வந்திருக்கு."

எவ்லினும் வந்துவிட்டார். ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார், உண்மையான சிரிப்புத்தான். "பரவாயில்லை, இருங்கோ இருங்கோ. இங்கயே கதைப்பம். நிஹ்லா, எனக்கு ஒரு கதிரை. ஒரு படமும் எடுங்கோ, நல்லா இருக்கும்."

"இல்லீங்க மேடம்," சீனியம்மா எழுந்து சாரியைத் தட்டினார். "வந்த வழி பிழை. போயிட்டு மறுபடி வர்றோம்."

பின்கதவால் நாலு பேரும் வரிசையாக வெளியே போனார்கள். எவ்லின் ஹோலுக்குத் திரும்பினார். சற்றைக்கெல்லாம் இன்டர்கொம் அடித்தது. கீழே செக்யூரிட்டிக்காரன் சிங்களத்தில் கேட்டான்: நாலு பெண்கள் முன்பக்க லிப்டில்தான் வருவோம் என்று நிற்கிறார்கள், பின்னால் அனுப்பவா? ரிசீவரை எடுத்த நிஹ்லா எவ்லினைப் பார்த்தாள். எவ்லின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னால் அனுப்புங்கள்," என்று நிஹ்லா சிங்களத்தில் சொன்னாள்.

மணி அடித்தது. எவ்லினே போய்க் கதவைத் திறந்தார். அவர்கள் கதிரைகளில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உங்கட சட்டமூலத்தை முதலாவதாப் போட எனக்கு விருப்பம்," என்று எவ்லின் தொடங்கினார். "ஆனா இதை ஆமோதிக்க இன்னொரு உறுப்பினர் வேணும். அனுமதி கேக்காம வெளியில போகலாம் எண்ட வசனத்தைப் பாத்திட்டு ஒருத்தரும் வருகினம் இல்லை. அவையின்ர வீடுகளிலயும் வேலைக்கு ஆக்கள் இருக்கினம்தானே. அதை எடுத்துவிடுவம். ஒண்டும் இல்லாததுக்கு இது பரவாயில்லை."

"ஒண்ணுமில்லாதத நாங்க இத்தன வருசம் வச்சிருக்கோம் மேடம். அதோட எங்களுக்கு நல்ல பழக்கம்."

துஷ்யந்தி தேநீர்த் தட்டோடு வந்தாள். சீனியம்மா எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் மற்றவர்களும் எடுக்கவில்லை.

"இந்தப் புள்ள உக்காரட்டும், குடிக்கிறோம். இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

"அவ பின்னேரம் படுப்பா. அவ எங்கட பிள்ளை மாதிரி."

"உங்க புள்ளயா இருந்தா இந்நேரம் கடற்கரையில நிக்கும்."

கீழே ஒரு ரயில் போனது. துஷ்யந்தி தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ளுக்கு அம்மா படுக்கையில கிடக்கிறா," என்றார் எவ்லின், இப்போது குரல் இறங்கி. "நான் பாராளுமன்றத்தில இருக்கேக்க இவதான் பாக்கிறா. இவ இல்லையெண்டா என்னால போக ஏலாது. அதுதான் உண்மை."

"அது எங்களுக்குத் தெரியும் மேடம். நாங்க இல்லாட்டி நீங்க ஒருத்தரும் பார்லிமென்ட்டு போக ஏலாது. அதத்தான் சட்டத்துல எழுதச் சொல்றோம்."

தேநீர் அப்படியே ஆறி ஆடை படிந்தது.

அந்த வாரமே முன்னுரிமைகள் அச்சாகி வந்தன. எவ்லின் சொன்னபடி வீட்டுப் பணியாளர் சட்டமூலம் முதலாவதாக இருந்தது. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு இருந்தது. வாசலைத் தாண்டும் வசனம் இல்லை. கீழே, ‘சங்கத்தின் முழு ஆதரவுடன்’ என்று இருந்தது.

வேலை முடிந்து பஸ்ஸில் நேரே வந்த சீனியம்மா, அலுவலகப் படியேறி, எவ்லினுக்கு முன்னால் அந்தத் தாளை வைத்தார். "எங்க பேர எடுத்துருங்க மேடம். சட்டத்த நீங்க கொண்டு போங்க, நல்லது. எங்க பேரு அந்த வசனத்தோடதான் வரும்."

"இந்தக் கோபத்தால உங்களுக்குத்தான் நட்டம்."

"கோபமில்லீங்க. வெல சொல்றேன்."

எவ்லின் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார். வெட்டியது கொஞ்சம் பலமாகத்தான். சட்டமூலம் சங்கத்தின் பெயரில்லாமல் போய், இன்றுவரை நிலுவையில் கிடக்கிறது. சங்கமும் ஞாயிறு தோறும் கடற்கரைக் கற்களில் கூடுகிறது.

பெயரை வெட்டிய அன்று நிஹ்லா சீனியம்மாவோடு படியிறங்கி, இரும்புக் கடை வாசல்வரை வந்தாள். வசனத்தை வெட்டித் தட்டச்சு செய்தது அவள் கைதான் என்பது சீனியம்மாவுக்குத் தெரியும். பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வேறொன்றைக் கேட்டார்.

"மிஸ், வர்ற ஞாயித்துக்கெழம பின்னேரம் மேடம் வீட்டுக்குப் போங்க. நான் போனா சங்கத்து ஆளு வந்து வம்பு பண்ணுதும்பாங்க. நீங்க போங்க. முன்பக்கத்து லிப்டுல ஏறுங்க. பெல்ல அடிங்க. மேடம்தான் வந்து தெறப்பாங்க. உங்களப் பாக்க வரல, துஷ்யந்தியக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்னு சொல்லுங்க. உங்க ரெண்டு மொழியில எதுலனாலும் பரவால்ல. வாயத் தெறந்து சொல்லுங்க."