சேற்றின் மேல் கொட்டிய ஜல்லி

மழை பெய்தால் அரியலூர்க் கரிசல் மண் களியாகிவிடும். அதன் மேல்தான் எங்கள் தண்டவாளம் கிடக்கிறது. சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் போகும்போதெல்லாம் சிலீப்பர் கட்டை ஒரு விரல்கடை அமுங்கி எழும். எழும்போது அடியிலிருக்கும் சேறு ஜல்லியின் இடுக்கில் பீய்ச்சிக்கொண்டு வரும். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பது என் வேலை. மேம்பாலம் தாண்டிய வளைவில் அப்படி ஓர் இடம் இருந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி அங்கே போர்டு வைத்திருந்தார்கள். அந்தப் போர்டு இருக்கும்வரை எனக்கு நிம்மதி. என் மகள் தினமும் அதே பாதையில்தான் ரயிலேறித் திருச்சிக்குக் காலேஜ் போகிறாள்.

பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் எங்கள் சூப்பர்வைசருக்குப் போர்டு கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டது. அதை எடுத்தால்தான் அவருக்கு நல்ல பேராம். அடியில் தோண்டிச் சேற்றை அள்ளிவிட்டு ஜல்லி போட நாலு நாள் வேண்டும். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சேற்றின் மேலேயே மெல்லிசாகப் புது ஜல்லியைக் கொட்டி, ஓரத்துக்கு நூல் பிடித்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.

"சார், அடியில சேறு அப்படியே கெடக்கு. மேல பூசி என்னங்க ஆவப் போவுது?" என்றேன்.

"நீ என்ன எஞ்சினீயருக்குப் படிச்சியா? சொன்னத செய்யி."

செய்தேன். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல அடித்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அதிகாரி வந்தார், பார்த்தார், தலையாட்டினார். "போர்டை எடுத்துடலாமே" என்றார். நான் ஓரடி முன்னால் வந்தேன். "ஐயா, பத்து நிமிஷத்துல லோடு வண்டி ஒண்ணு வருது. அது போறவரைக்கும் நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்த முறைப்பில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

வண்டி வந்தது. நாலாவது பெட்டி தாண்டுவதற்குள் புது ஜல்லியெல்லாம் கறுத்து, சேறு பீறிட்டு, முன்னால் நின்ற சூப்பர்வைசரின் சட்டையில் அடித்தது. "போர்டு இருக்கட்டும். தோண்டுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் சூப்பர்வைசர் என் மேல் பாய்ந்தார். "மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இந்தச் சட்டையோட நான் எப்படிய்யா டவுனுக்குள்ள போவேன்?"

"சட்டைய தொவைச்சுக்கலாம் சார். வண்டியில போறது எம் மவ."