அக்காவை மேலே கொண்டுபோக எந்த டயர்

மெத்தைக்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். பஞ்சு மெத்தை தைப்பவர் என்று நினைத்து, மகள் கல்யாணத்துக்கு இரட்டை மெத்தை வேண்டும் என்று வந்து நின்றவர்களும் உண்டு. அவர் வாடகைக்குக் கொடுப்பது படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கான காற்று மெத்தை. கூடவே தலைப்பக்கம் உயரும் இரும்புக் கட்டில், சக்கர நாற்காலி, பிடித்து நடக்கும் சட்டம். எல்லாவற்றையும் தன் பிக்கப் வண்டியில் கொண்டுபோய் வீட்டுக்குள் மாட்டிக் கொடுப்பார். நோயாளி எழுந்து நடந்துவிட்டால் திரும்ப எடுத்து வருவார். எழாமலே போய்விட்டாலும் எடுத்து வருவார். இரண்டு வீட்டிலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தத் தொழிலுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர். புதிதாக ஒரு மெத்தை வந்தால் முதலில் அவர்தான் அதில் படுப்பார். சக்கர நாற்காலி வந்தால் அதிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். "உங்களுக்கு ஒரு பெரிய சீக்கு வந்தாத்தான் மனசு ஆறும் போல. அப்பத்தான் எல்லாச் சாமானையும் ஒழுங்கா சோதிச்சுப் பார்க்க முடியும்" என்பாள் அவர் மனைவி.

அந்த வருஷம் சீக்கு வந்தது அவருடைய அக்காவுக்கு. சீக்கு என்றுகூடச் சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டியின் ஈரக்கல்லில் கால் வைத்தாள், வழுக்கியது, இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகிவிட்டார்கள். இனி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது.

அக்காவின் வீடு சரிவின் உச்சியில். செடி நாற்று வளர்த்து விற்கிறாள், தனியாள். தார் ரோடு அடிவாரத்திலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் களிமண் பாதை, நடுவில் மோசமான ஒரு வளைவு. ஆம்புலன்ஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, தார் முடியும் இடத்தில் இறக்கிவிடுகிறேன், அதற்கு மேல் சக்கரம் வைக்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆள் வைத்துத் தூக்கிப் போகலாம் என்றால், போன மழையில் அதே வளைவில் ஒரு அலமாரியைத் தூக்கிப் போனவர்கள் அலமாரியோடு சறுக்கி அடிவாரத்துக்கே திரும்பி வந்த கதை ஊருக்கே தெரியும்.

"கால் ஊனுற வரைக்கும் நம்ம வீட்டுல இரு அக்கா" என்றார் மெத்தைக்காரர்.

"ரெண்டு வழி இருக்குடா" என்றாள் அக்கா, கட்டிலில் கிடந்தபடியே. "ஒண்ணு என் வீடு. இல்லேன்னா என் வீடு. எது தோதோ நீயே பார்த்து முடிவு பண்ணு."

மனைவி வெளியே வந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி நம்ம வீட்டுக்கு வந்தா நான் நல்லாத்தான் பார்த்துப்பேன். ஆனா அடுத்த நாளே என் உப்பு டப்பாவை இடம் மாத்துவாங்க. நான் திரும்ப மாத்துவேன். நடுவுல நீங்கதான் உப்பில்லாம சாப்பிடுவீங்க."

அக்காவின் பிடிவாதம் வெறும் பிடிவாதம் இல்லை என்று மெத்தைக்காரருக்குத் தெரியும். அந்நிய வீட்டில், அந்நிய சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்த வயசானவர்கள் எத்தனையோ பேர் எழ மனமில்லாமலே போனதை அவர் பார்த்திருக்கிறார். தன் வீட்டில் கிடந்தால் ஜன்னல் வழியாகச் செடி வாடுவது தெரியும். அந்தக் கோபத்திலேயே அக்கா எழுந்துவிடுவாள். துணைக்கு அவரும் மனைவியும் மாறி மாறிப் போய் இருந்துகொள்ளலாம். ஆகவே அவளை மேலே கொண்டுபோக வேண்டும். திருகிய இடம் அதிராமல், நடுவழியில் தூக்கி வண்டி மாற்றாமல் கொண்டுபோக வேண்டும். தன் வண்டியைப் போய்ப் பார்த்தார். டயர் நான்கும் வழுக்கைத் தலையாக இருந்தன.

டயர்க்கடை நடத்துவது ஒரு பெண்மணி. பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் காற்றடிக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதுதான் அவருடைய ஆபீஸ். மெஷின் நினைத்தால் அலறும், நினைத்தால் நிற்கும். பேசுகிறவர்கள் அதற்கேற்ப நிறுத்திப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"வண்டி எங்க ஓடும், அதைச் சொல்லுங்கண்ணே."

"தார் ரோட்டுல. அப்புறம் களிமண்ணுல."

"எது ஜாஸ்தி?"

"தார்தான் ஜாஸ்தி. களிமண்ணுதான் முக்கியம்."

"சரிதான். கல்யாணம் பண்றவங்களும் இப்படித்தான் ரெண்டையும் கேப்பாங்க" என்று எழுந்தார் அவர். மூன்று வகையை உருட்டி வந்து சாய்த்து வைத்தார். ஒன்று ரோட்டு டயர். கோடு கோடாக, வழவழவென்று. இன்னொன்று சேற்று டயர்; கட்டை கட்டையாகப் பட்டன் துருத்திக்கொண்டு, பட்டன்களுக்கு நடுவில் விரல் புதையும் பள்ளம். மூன்றாவது இரண்டுக்கும் இடைப்பட்டது. அதை ஆல் டெரெய்ன் என்பார்கள். எல்லாத் தரைக்கும் ஆகும் என்று பொருள்.

மெத்தைக்காரர் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்தினார், பக்கவாட்டை அமுக்கினார், பள்ளத்தில் விரலை விட்டு ஆழம் பார்த்தார்.

"குழந்தை கன்னத்தைக் கிள்ற மாதிரி கிள்ளாதீங்கண்ணே. அது அழாது."

"இதுல படுத்தா எப்படிம்மா இருக்கும்?"

"டயர்லயா? எங்க கடை நாய்தான் படுக்கும். வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

அவர் அக்காவின் விஷயத்தைச் சொன்னார். மெஷின் அலறி ஓயும் வரை கடைக்காரம்மா காத்திருந்தார். "ஓட்டுறவங்க உட்கார்ந்து பார்த்துத்தான் எங்கிட்ட வந்து நல்லது கெட்டது சொல்வாங்க. படுத்துப் பார்த்து ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதுண்ணே" என்றார்.

தெரியாது என்று ஒருவர் நேர்மையாகச் சொல்லிவிட்டால் மெத்தைக்காரருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். யாருக்குமே தெரியாது என்றால் படுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

பால்வண்டிக்காரர் ரோட்டு டயர் போட்டிருந்தார். கல் உடைக்கும் இடத்து வண்டியில் சேற்று டயர். மின்கம்பம் நடுகிறவர்களின் வண்டியில் ஆல் டெரெய்ன். மூவரிடமும் கெஞ்சிக் கூத்தாடி ஆளுக்கொரு ஓட்டம் கேட்டு வாங்கினார். பின்னால் காற்று மெத்தையை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டார். வயிற்றின் மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். தண்ணீர் எங்கே சிந்துகிறது, எங்கே வெறுமனே நடுங்குகிறது என்று பார்ப்பதற்கு.

பால்வண்டி கடைத்தெருவைத் தாண்டும்போது, மல்லாந்து அசையாமல் கிடந்தவரைப் பார்த்து இரண்டு பேர் ஓரமாக ஒதுங்கித் தலை குனிந்தார்கள். மெத்தைக்காரர் தலையைத் தூக்கி, "ஒண்ணுமில்லை, டயர் பார்க்கிறேன்" என்றார். அதில் ஒருவர் சைக்கிளோடு சாய்ந்தது இவர் குற்றமில்லை.

தார் ரோட்டில் பால்வண்டி தொட்டில் மாதிரி போயிற்று. களிமண் வளைவில் பாதி ஏறியது, யோசித்தது, பின்பக்கமாகவே இறங்கி வந்துவிட்டது. கிண்ணத் தண்ணீர் முகத்தில் கொட்டியது. "மாமா, உங்க ஆராய்ச்சி முடிஞ்சுதா, பால் திரிஞ்சிடும்" என்றார் ஓட்டியவர்.

கல் வண்டி அதே வளைவில் ஆடு ஏறுவதுபோல் ஏறிவிட்டது. ஆனால் தார் ரோட்டில் அந்தக் கட்டைப் பட்டன்கள் ஒரு ரீங்காரம் போட்டன. அது மெத்தையைத் தாண்டி, முதுகெலும்பு வழியாக ஏறி, பல்லில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் சிந்தவில்லை, வழி முழுக்க வளையம் வளையமாக நடுங்கியது. நல்ல எலும்பு இதைத் தாங்கும். திருகு போட்ட எலும்புக்கு இந்த வேலை கொடுக்கக்கூடாது.

மின்கம்ப வண்டியில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே இடுக்கிப் படுத்தார். ரோட்டில் லேசான முனகல்தான். கல்லில் ஏறும்போது ஒரு தட்டு. வளைவில் கொஞ்சம் திணறி ஏறிவிட்டது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது. போதும், முடிவு பண்ணியாயிற்று.

ஆல் டெரெய்ன் நான்கையும் மாட்டினார்கள். இங்கேதான் மெத்தைக்காரர் தன் தொழில் புத்தியைக் காட்டினார். காற்று மெத்தையில் ஆளின் எடையைப் பார்த்துக் காற்று வைக்க வேண்டும். கனத்த ஆளுக்குக் கூட, மெலிந்த ஆளுக்குக் குறைய. அதிகம் வைத்தால் மெத்தை பலகையாகிவிடும், முதுகு புண்ணாகும். குறைத்தால் உடம்பு கட்டிலில் தட்டுகிறதா என்று அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அக்கா காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. ஆகவே கல் தட்டுவது தெரியாமல் இருக்கட்டும் என்று, வீட்டு வாசலில் வைத்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். பக்கவாட்டு தொப்பை போடும்வரை இறக்கினார். அமுக்கிப் பார்த்தார். பஞ்சு மாதிரி இருந்தது. பரம திருப்தி.

ஒத்திகை பார்க்கத் தனியாக மேலே ஓட்டினார். வளைவில் திருப்பியதும் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, செருப்பு நழுவிய கால் மாதிரி நின்றது.

தகவல் போனதும் டயர்க்கடைக்காரம்மா ஜாக்கியும் காற்று பம்பும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"யாரு எடைக்கு காத்து வெச்சீங்கண்ணே?"

"அக்கா எடைக்கு."

"சரி. வண்டியோட எடையை யாரு தூக்குறது? நானா?"

மெத்தைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேற்றில் உட்கார்ந்து டயரை மாட்டினார்கள். மண்ணில் ஏறும்போது காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், தப்பில்லை. தார் ரோட்டில் குறைக்கக்கூடாது என்று சொல்லி, எதுவரை என்பதைக் கடைக்காரம்மா பம்பின் அளவு முள்ளில் காட்டினார். "மெத்தைன்னா நான் உங்ககிட்ட வரேன். டயர்னா நீங்க எங்கிட்ட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவைக் கூட்டிவரும் நாளில் தூறல். கட்டிலை வண்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தார். தார் முடியும் இடத்தில் நிறுத்திக் காற்றைக் குறைத்தார். கடைக்காரம்மாவிடம் இரவல் வாங்கி வந்த பம்பின் முள்ளைப் பார்த்துத்தான் குறைத்தார்.

வளைவில் பின்சக்கரங்கள் சுழன்றன. வண்டி நகரவில்லை. மறுபடி மிதித்தார். சேறு பறந்தது, வண்டியின் பின்பக்கம் மெல்லப் பள்ளத்துப் பக்கமாக நகர ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மனைவியைக் கூப்பிட்டார். அவள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகுதான் காலை எடுத்தார்.

இறங்கிப் பார்த்தார். பயத்துக்கு மேலேயே ஒரு ஆச்சரியம் தலையை நீட்டியது. அதே வகை டயர், அதே வளைவு. அன்றைக்கு மின்கம்ப வண்டி ஏறியது, இன்றைக்கு இது ஏன் ஏறவில்லை? தூறல் ஒரு காரணம். அது மட்டும்தானா? பின்சக்கரத்துக்கு மேலே கையால் அமுக்கிப் பார்த்தார். வண்டியின் பின்பக்கம் லேசாக இருந்தது. அன்றைக்கு அவரைச் சுற்றி என்ன இருந்தது? கம்பிச் சுருள்! அந்தக் கனம்தான் டயரைப் பிடித்து மண்ணில் அழுத்தியிருக்கிறது. அக்காவோ காகிதம்.

"சாக்கு இருக்கா? கல்லைப் பொறுக்கு" என்றார் மனைவியிடம்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

இருவரும் பாதையோரக் கல்லைச் சாக்கில் அள்ளிக் கட்டி, பின்சக்கரத்துக்கு நேர் மேலே, உருண்டு வராதபடி கயிறு போட்டு அடுக்கினார்கள். அக்கா கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, என்னைச் சுத்தி மதில் எழுப்புறீங்களா?"

"கனம் பத்தலையாம் அண்ணி" என்றாள் மனைவி மூச்சு வாங்க. "ஒழுங்கா சாப்பிட்டு உடம்பைத் தேத்தியிருந்தா நான் இப்படிக் கல்லு சுமக்க வேண்டியதில்லை."

"உன் சமையலைத்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து குடுத்தே? அதைச் சாப்பிட்டு யாரு தேறுவா?"

"பேச்சு நல்லா வருது. உடம்பு தேறிடுச்சுங்க, நீங்க வண்டியை எடுங்க."

மெத்தைக்காரர் ஏறி உட்கார்ந்தார். மெதுவாக, மிக மெதுவாகக் காலை அழுத்தினார். டயர் ஒரு முறை வழுக்கியது, ஒரு கல்லைக் கவ்வியது, பிடித்துக்கொண்டது. வளைவு மெல்லத் திரும்பி வண்டிக்குப் பின்னால் போயிற்று. அக்காவின் வீட்டு நாற்றுப் பந்தல் கண்ணாடியில் தெரிந்தபோதுதான் தன் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

வாசலிலேயே வண்டியின் பின்பக்கம் ஏறினார். போர்வையை விலக்கிப் பாதம் நேராக இருக்கிறதா பார்த்தார். விரல்களைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தன. அசைக்கச் சொன்னார், அசைத்தாள். குதிகால் சிவக்கவில்லை.

"வலிச்சுதா அக்கா?"

"வலிச்சுது."

அவர் முகம் வாடிவிட்டது. "எங்க? வழுக்குனப்பவா? கல்லுல ஏறுனப்பவா?"

"அங்க எல்லாம் ஒண்ணும் தெரியலை. இவ கல்லைத் தூக்கிட்டுத் தள்ளாடுனதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமா இருந்துது. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு வேகத்தடை இருக்கு பாரு. அதுல ஏத்தி இறக்கினியே, அப்ப உயிரே போச்சு."

ஆஸ்பத்திரி வாசல்! ஊரில் இருக்கிற மண்ணையெல்லாம் மல்லாந்து படுத்து அளந்தவர், அந்த வாசலை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏறுறப்பவா, இறங்குறப்பவா?" என்று கேட்டார்.

"தம்பி, என் வீட்டு வாசல்ல நான் மழையில கிடக்கிறேன்."

"இல்லக்கா, முன்சக்கரம் இறங்குனப்பவா, பின்சக்கரம் இறங்குனப்பவா, அதை மட்டும் சொல்லிடு."

மனைவி ஏற்கெனவே விரிப்பின் அந்தப் பக்க முனைகளைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "உள்ள போய்க் கேளுங்க. இப்பத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்கள்.