காத்து எங்க ஒழுகுதுன்னு தேடுனது

என் மருமக ரேஸ் கார் ஓட்டும். மகன் இல்ல, மருமகதான். மகன் ராஜபாளையத்துல கார் பட்டறை வச்சிருக்கான். அவன் ஸ்பானர் பிடிப்பான், அது ஸ்டியரிங் பிடிக்கும். பொண்ணு பாக்கப் போனன்னைக்கே காப்பிய வச்சிட்டு, "ஒங்க வேன் இஞ்சின்ல ஒரு சிலிண்டர் வேலை செய்யல மாமா"ன்னுச்சு. அப்பவே எனக்குப் பிடிச்சுப்போச்சு.

போன மாசம் கோயம்புத்தூர்ல அதுக்கு ஒரு ஓட்டம். அதுல நல்லா ஓடி முடிச்சாத்தான் பெரிய டீம்ல எடம், இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டாங்க. அந்த நேரம் பாத்து கார் மக்கர் பண்ணுது.

அது டர்போ வச்ச கார். டர்போ எனக்குப் புதுசில்ல, லாரி ஓட்டுனவன் நான். பழைய லாரியில செங்கோட்டை மலை ஏறுறப்ப கிளீனர் எறங்கி பீடி பத்த வச்சு கூடவே நடந்து வருவான், அம்புட்டு வேகம். பொறவு டர்போ வண்டி வந்துச்சு. வெளிய போற பொகையில ஒரு காத்தாடி சுத்தும், அது வெளிக்காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள திணிக்கும். விசிலடிச்சுக்கிட்டே மலை ஏறும். மொத நாளு சந்தோசத்துல நானும் கூடச் சேந்து விசிலடிச்சேன். கிளீனர் என்னைய ஒரு மாதிரி பாத்தான். சரி, அத விடுங்க.

திணிக்கிற அந்தக் காத்துக்குப் பேரு பூஸ்ட்டாம். மிதிச்சா மீட்டர் முள்ளு ஒண்ணுல போயி நிக்கணும். இது பாதியில தொங்குது. கூடவே உஸ்ஸுன்னு ஒரு சத்தம்.

"டர்போ போச்சு, மாத்தணும்"னான் மகன்.

"டர்போ போனா நீலப் பொகை வரும்ல, வருதா? எங்கயோ காத்து ஒழுகுது. வீட்டுல குழாய் சொட்டுனாலும் தொட்டிய மாத்தணும்பீங்க"ன்னுச்சு மருமக.

அவன் சோப்புத் தண்ணியக் குழாய் பூரா அடிச்சு, இஞ்சினச் சும்மா ஓடவிட்டுப் பாத்தான். ஒரு குமிழி வரல. சும்மா ஓடுறப்ப இஞ்சின் காத்த உறிஞ்சத்தான் செய்யுமாம், பெறகு எப்படிக் குமிழி வரும்? நாமதான் வெளிய இருந்து ஊதணும்னுச்சு மருமக. பெரிய பட்டறையில அதுக்குப் பொகை மெசினே இருக்காம், பொகை எங்க வெளிய வருதோ அங்கதான் ஓட்டை. நம்மட்ட மெசின் ஏது. செத்த நேரம் இடுப்புல கைய வச்சு நின்னுச்சு. விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போயி சாம்பிராணியோட வந்துச்சு.

பெயிண்ட் டப்பாவுல கங்கப் போட்டு சாம்பிராணியத் தூவி, மூடியில ரெண்டு ஓட்டை. ஒண்ணுல கம்ப்ரசர் குழாய், இன்னொண்ணுல இருந்து காருக்குப் போற குழாய். கம்ப்ரசரத் தொறக்குறது என் வேல.

"மெல்ல மாமா. டப்பா கூரைக்குப் போயிரும்."

பட்டறை பூரா கோயில் வாசன. பக்கத்து வீட்டம்மா, தெலுங்குக்காரங்க, தலைக்குக் குளிச்ச ஈரத்தோட வந்து எட்டிப் பாத்தாவ. "என்ன பூசை?"ன்னு கேட்டாவ. "காருக்குக்கா"ன்னான் மகன். அவிய கன்னத்துல போட்டுக்கிட்டு, முடிய அவுத்து டப்பா மூடிகிட்ட காட்ட ஆரம்பிச்சிட்டாவ. பாத்தா மூடி இடுக்குல பொகை போகுது. மொத ஒழுக்கு அவியதான் கண்டுபிடிச்சது.

அதத் துணியச் சுத்தி அடைச்சோம். பொறவுதான் காருல பொகை தெரிஞ்சுது. சூட்டுக் காத்தக் குளிர வைக்க முன்னாடி ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு இருக்கும். அதுல ரப்பர் குழாய் மாட்டுற வாயில, ஊதுபத்தி கணக்கா ஒத்தக் கோடு. மகன் கிளாம்ப அவுத்துக் குழாய உருவுனான். உள்ள நசுங்கிக் கெடக்கு ஒரு கருப்புக் கயிறு, முடிச்சோட. அதனாலதான் ரப்பர் அழுந்தி ஒக்காரல.

மகன் என்னையப் பாத்தான். நான் இல்லலே, என்னைய அந்தக் காரத் தொடவே யாரு விட்டா. மருமகளப் பாத்தோம். அது கூரையப் பாத்துக்கிட்டு நிக்குது.

"ஏட்டி"ன்னான்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல கோயில் வாசல்ல வாங்குனேன். கண்ணு படக் கூடாதுன்னு குழாய்ல கட்டுனேன். ரப்பர மாட்டுறவங்க பாத்து மாட்டிருக்கணும்."

"கார் ஓடுனதக் கம்ப்யூட்டர்ல கோடு கோடாப் பாக்குறவ கயிறா கட்டுத?"

"கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி கழிக்கத் தெரியாதுல்ல."

சொல்லி முடிக்கல, அதுக்கே சிரிப்பு வந்து டயர் மேல ஒக்காந்துருச்சு. பக்கத்து வீட்டம்மா ஒண்ணும் புரியாமயே சிரிக்காவ. நான் கம்ப்ரசர மூட மறந்துட்டேன்.

கயித்த எடுத்துட்டு, குழாயில ஒட்டுன சாம்பிராணிப் பிசினத் தொடச்சு மாட்டிட்டு, ஓடாத மில்லு ஒண்ணுல கேட்டுக்கிட்டு, அந்த வளாகத்துக்குள்ள ஓட்டிப் பாத்தோம். "மாமா, ஏறுங்க. முள்ளு எங்க நிக்குன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னுச்சு. பெல்ட்டப் போட்டு என்னையக் கட்டி வச்சாச்சு. மிதிச்சது பாருங்க, வயிறு போயி முதுகுல ஒட்டிருச்சு.

"எங்க மாமா நிக்குது?"

"நிக்குது தாயி."

"எங்க?"

"ஒண்ணுல."

அதுக்குப் பொறவும் வண்டிய நிறுத்தல. "இன்னொரு சுத்து எதுக்கு?"ன்னேன். "நிச்சயம் பண்ணிக்க"ன்னுச்சு. அடுத்த சுத்து எதுக்குன்னு நானும் கேக்கல, அதுவும் சொல்லல.

கோயம்புத்தூர்ல ஓடி முடிச்சு, எடத்த வாங்கிருச்சு. டீம்ல குடுத்த சட்டை தொளதொளன்னு முட்டி வரைக்கும் தொங்குது, அதப் போட்டுக்கிட்டே வந்து எறங்குச்சு. கழட்டாம ஒக்காந்து சோறு தின்னுச்சு. கையில மடிச்சுவிட்ட துணி ரசத்துல முங்குது. நானும் மகனும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.