அக்கா வரைந்த படங்களில் நான் இல்லை

எங்கள் அருமை அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நேசித்த உங்கள் அனைவருக்கும் அவருடைய தங்கை நான் இதை எழுதுகிறேன்.

அக்கா கிழக்குத் தாம்பரத்தில் பிறந்தார். அப்பாவோடு கப்பலேறி வந்த எங்கள் அம்மா பர்மியப் பெண். அம்மாவின் சிறிய கண்களும் தட்டை மூக்கும் அப்படியே அக்காவுக்கு வாய்த்தன. எனக்கு அப்பாவின் முகம்.

பள்ளியில் பிள்ளைகள் விரலால் கண்ணோரத்தை இழுத்துக் காட்டி, "ஏ சீனாக்காரி, பாம்பு துன்னியா?" என்று கத்துவார்கள். அக்கா அங்கே அழுததில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கரித்துண்டால் அந்த முகங்களை வரைவார். அம்மா அருகிலேயே அமர்ந்து தலையைக் கோதிக்கொண்டிருப்பார். அந்த இருவருக்கும் நடுவே எனக்கு இடமிருக்காது. என்னையும் யாராவது கேலி செய்ய மாட்டார்களா என்று நான் ஏங்கியது உண்டு.

அம்மா காலமான பிறகு, மறைமலை நகர்த் தொழிற்சாலை வேலைக்கு இடையிலும் அக்கா அந்த முகங்களையே பெரிய பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். குரோம்பேட்டை மண்டபம் ஒன்றில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது வந்தவர்களெல்லாம் கண்கலங்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வீடு திரும்பியதும் கேட்டேவிட்டேன்.

"ஒரு படத்துலகூட நான் இல்லையேக்கா?"

"உன்ன வரைய எத்தனையோ வாட்டி உக்காந்தேன்டி. பொறாமையா வருது, கை ஓடல. நீ பாட்டுக்கு ஸ்கூலுக்குப் போயிட்டு வருவ, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அந்த மூஞ்சி எனக்கு இருந்திருந்தா நான் எதுக்கு வரையப் போறேன்?"

"அம்மா மூஞ்சி எனக்கு வரலியே" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். பொறாமை மட்டும் போகவில்லை.

சிறுநீரக நோய் அக்காவை முப்பது வயதுக்குள் கொண்டுபோனது. இறுதிச் சடங்கன்று வந்த பள்ளித்தோழி ஒருவர், சுவரிலிருந்த ஓவியத்தில் கண்ணை இழுத்துக்காட்டும் இரட்டைச் சடைச் சிறுமியைக் கண்டு, "இது நான்தாங்க" என்று தரையில் உட்கார்ந்து அழுதார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கேலி செய்தவருக்குக்கூட அக்கா கையால் ஒரு முகம் கிடைத்திருக்கிறதே என்று அப்போதும் மனம் பொருமியது.

எங்களோடு மருத்துவமனைக்கு அலைந்த ராஜகீழ்ப்பாக்கத்துப் பெரியப்பா மகன் அண்ணாவுக்கும், ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், அன்று வந்து அழுத அந்தத் தோழிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவாக ஆளுக்கொரு ஓவியம் கேட்ட உறவினர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஒன்றையும் தருவதாக இல்லை. அக்காவை இனி யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள என்னால் முடியாது.