தங்கச்சியின் கடிதத்தை நான் எடுக்கவில்லை

எங்கள் குடும்பத்தில் தைரியசாலி யார் என்று கேட்டால் ஒருவரும் என்னைக் காட்டமாட்டார்கள். லண்டனின் எட்மண்டன் பகுதியில் கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். ரவுண்டபவுட்டில் நடுங்குகிறவர்களிடம் "பயப்பிடாமல் போங்கோ, உங்கட முறைதான்" என்று நாள் முழுக்கச் சொல்வேன். அண்ணை போன் எடுத்தால் எனக்கே கால் நடுங்கும்.

நாங்கள் நாலு பேர். அக்கா மன்னாரில், அண்ணை ஜெர்மனியில், நான் இங்கே, தங்கச்சி கனடாவில். தங்கச்சி கட்டியது மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில். அவர்களுடைய ஆட்கள் ரஷ்யாவை விட்டுக் கனடாவுக்கும் பராகுவேக்கும் சிதறிப்போன காலத்திலிருந்தே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரே உறை வீடு வீடாகச் சுற்றி வரும். வந்ததும் எல்லோருடைய கடிதத்தையும் வாசித்து, போன சுற்றில் வைத்த உங்கள் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பவேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: மற்றவருடைய கடிதத்தில் கை வைக்கக்கூடாது.

அதைத் தங்கச்சி எங்கள் வீட்டிலும் தொடக்கிவைத்தாள். எங்களுக்கும் வாட்ஸ்அப் குழு இருந்தது. அண்ணை காலையில் ஒரு புனிதரின் படம் போடுவார், நாங்கள் மூன்று பேரும் கைகூப்புவோம். பேச்சு அவ்வளவுதான். உறை வந்த பிறகுதான் அக்கா வாய் திறந்தாள். அவளுடைய கடிதத்தில் பங்குக் கோயில் சண்டை, மீன் விலை, பக்கத்து வீட்டு மதில் எல்லாம் இருக்கும். அண்ணை அதைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவாராம்.

உறை கனடாவிலிருந்து எனக்கு வரும். என்னிடமிருந்து அண்ணைக்கு, பிறகு மன்னாருக்கு. இந்த வருடம் வந்த உறையில் தங்கச்சி எழுதியிருந்தாள், தான் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டதாக. கத்தோலிக்கரான எங்களைப்போல் அவர்கள் அதைக் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. வளர்ந்தபின் தானே கேட்டு வாங்கவேண்டும். வாசித்தவன் சும்மா இருந்தேனா? இல்லை. அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

அவள் குழந்தையாக இருந்தபோது ஞானத்தகப்பனாக அவளைக் கையில் ஏந்தி நின்றவரே அண்ணைதான் என்பது, அவர் போனை வைத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் வகுப்பின் நடுவே அவரே போன் எடுத்தார். காரின் ஸ்பீக்கரில் குரல் வந்தது. ஸ்டியரிங்கில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா.

"டேய், அவளின்ர கடிதத்தை எடுத்துப்போட்டு மிச்சத்தை அனுப்பு. நான் பிடிச்ச பிள்ளைக்கு ரெண்டாந்தரம் தண்ணி ஊத்தியிருக்கிறாங்கள். இனி அவள் இந்த உறைக்குள்ள வேண்டாம். விளங்குதோ?"

வாழ்நாள் முழுக்க இந்த இடத்தில் நான் "ஓம் அண்ணை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றும் வாய் அதற்குத்தான் தயாரானது. ஆனால் கண் பின்சீட்டில் கிடந்த உறைக்குப் போனது. அவளுடைய கடிதத்தை நான் எடுத்துவிட்டால் அடுத்த சுற்றில் அவளுக்கு உறை ஏன் போகவேண்டும்? அந்த உறையைத் தொடக்கியவளே அவள்.

"ஏலாது அண்ணை" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சிட்டது, மறைக்கவில்லை.

"அப்ப எனக்கு அனுப்பாத."

போன் நின்றது. அம்மா முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "தம்பி, இப்ப காரை எடுக்கட்டோ, இல்லை நீங்கள் கொஞ்சம் தண்ணி குடிக்கிறியளோ?"

தண்ணீர் குடித்தேன். பிறகு, உறையை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "முதல்ல எனக்கு அனுப்பு. என்ர கடிதம் வேணுமெண்டால் அவளின்ரயையும் அவன் கையால தொடட்டும்" என்றாள்.

வழியைத் திருப்பினேன். அன்றே எழுதி ஒட்டி மன்னாருக்கு அனுப்பினேன். வீரம் தலைக்கேறியதில் என் பழைய கடிதத்தை எடுக்க மறந்துபோனேன். அதில் நான் எழுதியிருந்த முதல் வரி: "எதிலும் அண்ணை சொல்லுறதுதான் சரி." அதற்குப் பின்னால் புதிய கடிதம்: "அண்ணை, இந்த முறை நீங்கள் பிழை."

மன்னாரிலிருந்து உறை ஜெர்மனிக்குப் போனது. அங்கேயே இரண்டு மாதம் கிடந்தது. அவர் அதைக் குப்பையில் போட்டிருப்பார் என்று நினைத்து, தங்கச்சிக்கு எப்படிச் சொல்வது என்று வசனம்கூடப் பழகினேன். பிறகு கனடாவிலிருந்து அவளே போன் எடுத்தாள். உறை வந்துவிட்டது, எல்லாம் உள்ளே இருக்கிறது என்றாள். அண்ணை ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாராம். முழுக்க ஏச்சு. முழுக்க அவளுக்கே. கலியாணத்துக்குப் பிறகு அவளுக்கென்று அவர் எழுதியது அதுதான் முதல்.

"நான் பதினொரு பக்கம் எழுதப்போறன்" என்றாள். சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

போன வாரம் உறை என்னிடம் வந்தது, செங்கல் போல. தங்கச்சி சொன்னதையும் மீறிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அண்ணையின் கடைசிப் பக்கத்தின் அடியில் எனக்கும் இரண்டு வரி: "உன்ர கடிதம் ரெண்டு கிடக்கு. ஆர் நீ எண்டு முடிவெடு. அடுத்த முறை பழையபடி எனக்கு முதல்ல அனுப்பு."

இரண்டையும் எடுத்தேன். புதியதை எழுதினேன். "ஏலாது அண்ணை" என்று தொடங்கியிருந்தேன். பழையது ஏதும் உள்ளே கிடக்கிறதா என்று மூன்று தரம் பார்த்து, மன்னார் விலாசம் எழுதி ஒட்டினேன்.